இடது பின்கதவு

அந்தக் கடையில் அவனுக்கு நீலக்கை என்று பெயர். வீட்டில் வைத்த பெயரைச் சொல்லி யாராவது விசாரித்து வந்தால் முதலாளியே கொஞ்சம் முழிப்பார். காருக்கு ஸ்பீக்கர், கேமரா, சீட் உறை எல்லாம் போட்டுத் தருகிற கடை. சீட் உறை மாட்ட யார் வேண்டுமானாலும் போவார்கள். கதவைப் பிரித்து, கம்பெனியில் வைத்து அனுப்பிய ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டுப் புதுசு வைக்க வேண்டுமென்றால் மட்டும் "நீலக்கையைக் கூப்பிடு" என்று குரல் வரும்.

பெயர் வந்த கதையில் ஒரு மர்மமும் இல்லை. ஒரு கார்க் கதவைப் பிரித்தால் அதற்குள் இருந்து ஒரு குடித்தனமே வெளியே வரும். கைப்பிடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஸ்க்ரூ, ஓரமெல்லாம் பிளாஸ்டிக் கிளிப், கண்ணாடி பட்டனுக்குப் போகிற ஒயர், உள்கைப்பிடியை இழுத்தால் பூட்டைத் திறக்கிற மெல்லிய கம்பி. இதில் எதைக் கழற்றினாலும் அவன் உடனே நீல நிறக் காகித டேப்பில் ஒரு துண்டு கிழித்து இடது முன்கையில் ஒட்டிக்கொள்வான். திரும்ப மாட்டியதும் அந்தத் துண்டை உரித்துப் போடுவான். கையில் டேப் இருக்கிறவரை வேலை பாக்கி. அதனால் அந்தக் கடையில் யாரும் அவனிடம் வேலை முடிந்ததா என்று கேட்பதில்லை. "என்னய்யா, கை வெளுத்துருச்சா?" என்றுதான் கேட்பார்கள்.

கேலி செய்யாத ஆள் கிடையாது. அடிபட்ட கையா, கல்யாணக் கையா என்றெல்லாம் கேட்டுவிட்டார்கள். மற்றவர்கள் இரண்டு காரை அனுப்பி வைக்கிற நேரத்தில் இவன் ஒரு கதவோடு மல்லுக்கட்டுவான் என்பதும் உண்மைதான். ஆனால் இவன் மூடி அனுப்பிய கதவு 'உள்ளே ஏதோ லொடலொடங்குது' என்று ஒரு நாளும் திரும்பி வந்ததில்லை. முதலாளி வாயை மூடிக்கொண்டு இருந்ததற்கு அதுதான் காரணம். இல்லாவிட்டால் அந்த மனிதர் வாயை மூடுகிற ரகம் இல்லை.

பின்கதவு வேலை என்றால் முதல் டேப் எப்போதும் சைல்ட் லாக்குக்குத்தான். கதவைத் திறந்தால் அதன் ஓரத்தில், பூட்டுக்குக் கீழே, நகத்தால் தள்ளுகிற அளவில் ஒரு குமிழ் இருக்கும். அதைத் தள்ளி வைத்துவிட்டால் உள்ளே இருப்பவர் எத்தனை தடவை கைப்பிடியை இழுத்தாலும் கதவு திறக்காது. வெளியிலிருந்துதான் திறக்க முடியும். பிள்ளைகள் ஓடுகிற காரில் கதவைத் திறந்துவிடக் கூடாது என்று வைத்த ஏற்பாடு. நீலக்கை எந்தப் பின்கதவில் கை வைத்தாலும் முதலில் அந்தக் குமிழை விடுவித்துவிட்டு, ஒரு டேப் ஒட்டிக்கொண்டு, அப்புறம்தான் மற்றதைத் தொடுவான்.

அது சும்மா வந்த பழக்கம் இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் உச்சி வெயிலில் பின்சீட்டுக்கடியில் விழுந்த ஸ்க்ரூவைத் தேடிக்கொண்டிருந்தான். காற்றடித்துக் கதவு சாத்திக்கொண்டது. கண்ணாடிகள் மேலே, பேட்டரி ஒயர் கழற்றிக் கிடக்கிறது, மற்றவர்கள் சாப்பிடப் போயிருக்கிறார்கள். கைப்பிடிக் கம்பியைப் பிடித்து இழுத்தான், இழுத்தான், விரல் கிழிந்து ரத்தம் வரும்வரை இழுத்தான். சைல்ட் லாக் போட்ட கதவு அசையவே இல்லை. சாப்பிட்டுத் திரும்பியவர்கள் கதவைத் திறந்தபோது சட்டை பிழிகிற மாதிரி நனைந்து, வாயில் வார்த்தை வராமல் உட்கார்ந்திருந்தான். "முன்சீட்டுக்குத் தாவி முன்கதவைத் தொறந்து எறங்கியிருக்கலாமேடா, மக்கு!" என்று அவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சிரிக்கட்டும். பயம் பிடித்தவனுக்கு முன்சீட்டு கண்ணில் படாது. பட்டிருந்தால் அதற்குப் பெயர் பயமா?

அந்த வெயில் அவனை விட்டுப் போகவே இல்லை. கல்யாணம் ஆகி, பெண் பிறந்து, அவள் கல்லூரிக்குப் போகிற இன்று வரைக்கும் அவன் லிஃப்டில் ஏறுவதில்லை. வீட்டில் குளிக்கப் போனால் தாழ்ப்பாள் போட மாட்டான். உள்ளே ஆள் இருப்பது தெரிய வேண்டுமே என்று தண்ணீர் ஊற்றி முடிக்கிறவரை பாடிக்கொண்டிருப்பான். அவன் குரலில் அது வீட்டாருக்குத்தான் தண்டனை. "ஏங்க, தாழ்ப்பாளைப் போட்டுட்டு வாயை மூடிக்கிட்டுக் குளிங்களேன்" என்று மனைவி கெஞ்சிப் பார்த்து விட்டுவிட்டாள். மகள் தோழிகளை வீட்டுக்கு அழைப்பதென்றால் முதல் கேள்வியே "அப்பா குளிச்சாச்சா?" என்பதாக இருக்கும்.

இப்படிப்பட்டவனிடம்தான் அன்று காலையில் அந்தக் கார் வந்தது. பழைய வெள்ளைக் கார். உருள ஆரம்பித்ததும் தானாகப் பூட்டிக்கொள்கிற வசதியெல்லாம் வருவதற்கு முந்தைய காலத்தது. ஓட்டிக்கொண்டு வந்தவள் முப்பது, முப்பத்தைந்து வயதுப் பெண். பின்சீட்டில் இடது பக்கம் ஆறு வயதுச் சிறுமி. சிறுமி கதவில் ஸ்பீக்கர் இருக்கும் இடத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் கைப்பிடியை இழுத்து விட்டு, இழுத்து விட்டு விளையாடிக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, இவ பேச மாட்டா" என்றாள் தாய். வண்டியை விட்டு இறங்குவதற்குள் விஷயத்துக்கு வந்துவிட்டாள். "பாட்டுப் போட்டா ஸ்பீக்கர் மேல கை வெச்சுக்கிட்டு எவ்வளவு தூரம்னாலும் வருவா. இப்ப அது கிழிஞ்சு கரகரன்னு கத்துது. அந்தச் சத்தம் கேட்டா தலையைக் கண்ணாடியில முட்டிக்கிறா. இவ அப்பா வேலை பாக்கறது ரொம்பத் தூரம். மூணு மாசமா நாங்க போகவே முடியல. இன்னிக்கு மாத்திட்டு இப்படியே நேரா கிளம்பிரலாம்னு இருக்கேன்."

"மாத்திரலாம் மேடம். பின்னாடி ரெண்டு கதவுக்கும் சேர்த்தே மாத்தணும். ஒண்ணு புதுசு ஒண்ணு பழசுன்னா ஒரு பக்கம்தான் பாடும்."

"செய்யுங்க. ஆனா ஒரு விஷயம். பாட்டுக்கு நடுவுல போன் வந்தா மணி அந்த ஸ்பீக்கர்லயே அடிக்குது. பாட்டு நின்னு மணி அடிச்சா இவளுக்குப் பொறுக்காது. வெளிய ஓடணும்னு கைப்பிடியைப் புடிச்சு இழுப்பா. பெல்ட் போட்டாலும் கழட்டிடுவா, கதவு மேல இருக்கற பூட்டையும் தூக்கிடுவா. சைல்ட் லாக் இருக்கறதாலதான் நான் உயிரைக் கையில புடிக்காம வண்டி ஓட்டறேன். வண்டியில இருக்கும்போது யாரும் கூப்பிடக்கூடாதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன். மணி அடிக்காம இருக்க வழி இருக்கா?"

"இந்த மாடல்ல இல்லையே மேடம். நீங்க போனை ஆஃப் பண்ணி வெச்சுக்குங்க."

"பாட்டே போன்லருந்துதானே வருது."

அவன் இரண்டு பின்கதவின் குமிழையும் விடுவித்து, கையில் இரண்டு டேப் ஒட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கினான்.

கம்பெனி ஸ்பீக்கரை ஸ்க்ரூ போட்டு வைக்கவில்லை, ரிவெட் அடித்து இறுக்கியிருந்தார்கள். டிரில் போட்டால்தான் வரும். டிரில் சத்தத்துக்குச் சிறுமி அலறுவாள் என்று தாயையும் மகளையும் தெருக்கோடிவரை நடந்துவிட்டு வரச் சொன்னான். அவர்கள் திரும்பியபோது இரண்டு கதவும் தோல் உரித்ததுபோல நின்றன. அவன் இடது கை முழங்கை வரைக்கும் நீலமாக இருந்தது.

சிறுமி தாயின் கையை உதறிவிட்டு நேராக அவனிடம் வந்தாள். அந்தக் கையையே பார்த்தாள். பிறகு விரலை நீட்டி ஒரு டேப்பின் நுனியைத் தொட்டாள்.

"அண்ணா, அசையாதீங்க" என்று தாய் மூச்சே விடாமல் சொன்னாள். "இவ வேத்தாளை இதுவரைக்கும் தொட்டதே இல்ல."

அவன் அசையவில்லை. திருப்புளியை வலது கையில் பிடித்தபடி, இடது கையை நீட்டிக்கொண்டு சிலையாக நின்றான். சிறுமி நகத்தால் நெருடி, மெதுவாக, ஒரு டேப்பை உரித்தெடுத்தாள். தரையில் கிடந்த பழைய ஸ்பீக்கரின் கிழிசல்மேல் அதை ஒட்டினாள். விரலால் நீவினாள். காயத்துக்கு மருந்து போட்டுவிட்டதுபோல நிமிர்ந்து பார்த்தாள். தாயின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எந்த டேப் போயிற்று என்று அவன் பார்க்கத்தான் பார்த்தான். ஏதோ ஒரு ஸ்க்ரூவுக்கு உரியதாக இருக்கும், ஸ்க்ரூ எல்லாம் கண்ணெதிரே தட்டில்தானே கிடக்கிறது என்று விட்டுவிட்டான். குழந்தை உரித்ததைப் போய்ப் பிடுங்கவா முடியும்?

புது ஸ்பீக்கர் ஏறியது. கதவுகள் மூடின. தாய் பாட்டைப் போட்டாள். சிறுமி தன் இடத்தில் ஏறி உட்கார்ந்து உள்ளங்கையை வைத்ததும் சத்தம் அவள் கையில் தட்டியிருக்க வேண்டும். ஒரு தரம் கையை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். முதலாளிகூட வெளியே வந்து எட்டிப் பார்த்தார்.

"கை வெளுத்துருச்சா?"

நீலக்கை கையைப் பார்த்தான். ஒரு துண்டுகூட இல்லை. "வெளுத்துருச்சு மொதலாளி."

கார் கிளம்பித் தெரு திரும்பிப் போனது. அது மறைகிறவரை அவன் வாசலிலேயே நின்றான். இத்தனை வருஷத்தில் ஒரு வேலையை முடித்துவிட்டு அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. அந்தச் சந்தோஷத்திலேயே ஒரு டீ குடித்தான். வந்து, இடத்தைப் பெருக்கி, பழைய ஸ்பீக்கர்களைக் கழிவுப் பெட்டியில் போடக் குனிந்தவன், கிழிசலில் ஒட்டியிருந்த நீல டேப்பைப் பார்த்துச் சிரித்தான்.

சிரிப்பு பாதியில் நின்றது.

ஒரு டேப் என்றால் ஒரு வேலை. அவன் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கதவையும் மனசுக்குள் திரும்பப் பிரித்தான். ஸ்க்ரூ? தட்டு காலி, எல்லாம் ஏறிவிட்டது. ஒயர்? பாடியதே. கண்ணாடி ஏறி இறங்கியது. கிளிப் ஒன்றுகூட மிச்சமில்லை. வலது கதவின் குமிழ்? கட்டைவிரல் நகத்தால் தள்ளினான், அது சொடுக்கியது, டேப்பை உரித்தான். நன்றாக நினைவிருக்கிறது. இடது கதவின் குமிழ்?

கட்டைவிரல் நகத்துக்கு அது நினைவில்லை.

டேப்பை ஸ்பீக்கரிலிருந்து உரித்தான். என்ன செய்கிறோம் என்று தெரியாமலேயே அதைத் தன் முன்கையில் ஒட்டிக்கொண்டான். அந்தச் சிறுமி கைப்பிடியைப் பிடித்து இழுத்து விட்டு, இழுத்து விட்டு விளையாடிக்கொண்டிருந்தது கண்ணுக்குள் வந்தது. இடது பின்கதவுதான் அவள் இடம்.

"மொதலாளி! காலையில வந்த அந்த மேடம் நம்பர்!"

விஷயத்தைக் கேட்டதும் முதலாளியின் முகம் வெளிறிவிட்டது. ஆனால் மனிதர் சுறுசுறுப்பானவர். பேசிக்கொண்டே போனில் நம்பரைத் தேடி எடுத்துவிட்டார். அழைக்கப் போகிற விரலை நீலக்கை எட்டிப் பிடித்தான்.

"பண்ணாதீங்க!"

"பைத்தியமாய்யா உனக்கு? நம்பர் கேட்டது நீதானே?"

"பாட்டு நின்னு மணி அடிக்கும் மொதலாளி. அந்தக் குழந்தை கை வெச்சிருக்கற ஸ்பீக்கர்லயே அடிக்கும். மணி அடிச்சா மேல் பூட்டைத் தூக்கிட்டுக் கைப்பிடியைப் புடிச்சு இழுப்பா. இதுக்கு முன்னாடி இழுத்தா தொறக்காது. இப்பத் தொறக்கும்."

முதலாளி விரலை எடுத்துக்கொண்டார். "அப்ப மெசேஜ் போடுவோம்."

"அதுக்கும் மணி அடிக்கும்."

"கூப்பிட்டாலும் ஆபத்து, கூப்பிடலைன்னாலும் ஆபத்துன்னா என்னதான்யா பண்றது?"

பண்ணுவதற்கு ஒன்றுதான் இருந்தது. நீலக்கை முதலாளியின் மேசைமேல் கிடந்த பைக் சாவியை எடுத்தான். ஹெல்மெட்டை எடுத்தான். கடைசியில் முதலாளி கையிலிருந்த போனையும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். மனிதர் பொறுமையில்லாதவர், இவன் தெரு திரும்புவதற்குள் அழைத்துவிடுவார் என்று தெரியும். இருபத்தைந்து வருஷத்தில் முதலாளியின் மேசைமேல் இருந்த பேனாவைக்கூடக் கேட்காமல் எடுக்காதவன் அவன். முதலாளி வெறுங்கையோடு வாசலில் நின்று "பாத்துப் போய்யா!" என்று கத்தியது மட்டும் காதில் விழுந்தது.

தெருவைத் தாண்டினால் ரயில்வே கேட். எந்த நேரம் போனாலும் மூடிக் கிடந்து ஊரார் சாபத்தையெல்லாம் வாங்கிக்கொள்கிற கேட் அது. இன்றைக்காவது மூடியிரு, அந்தக் காரை மறித்து வை என்று வேண்டிக்கொண்டே போனான். அது ஆவென்று திறந்து கிடந்தது. அதற்கப்பால் பாலம், பாலத்துக்கப்பால் நெடுஞ்சாலை. ஊரை விட்டுத் தொலைதூரம் போக அந்த ஒரு வழிதான்.

நீலக்கை வேகமாக வண்டி ஓட்டிப் பழகியவன் இல்லை. வேலைக்கு வரும்போது சைக்கிள்காரர்களே அவனை முந்திக்கொண்டு போவார்கள். இன்று லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் நுழைந்தான். திட்டு வாங்கினான். சட்டைப் பையில் முதலாளியின் போன் ஓயாமல் அடித்தது. சீட் உறை கேட்கிறவர்களும் கேமரா கேட்கிறவர்களும் அன்றைக்கென்று கூப்பிட்டார்கள். ஒவ்வொரு மணிக்கும் அவனுக்கு இன்னொரு காரில் அடிக்கிற மணிதான் கேட்டது. இந்நேரம் யாராவது அவளைக் கூப்பிட்டிருந்தால்? 'எங்க வந்துக்கிட்டு இருக்கீங்க' என்று கணவனே ஆசையில் கூப்பிட்டிருந்தால்?

தூரத்தில் சாலையோரம் ஒரு கூட்டம் தெரிந்தது. கார் ஒன்று கோணலாக நிற்கிறது. அதே வெள்ளை நிறம். ஆட்கள் குனிந்து எதையோ பார்க்கிறார்கள். நீலக்கையின் கை பிடியில் வழுக்கியது. பக்கத்தில் போனபோது அது டயர் வெடித்த கார். குனிந்தவர்கள் ஜாக்கி வைக்க இடம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரென்றே தெரியாத அந்த மனிதர்களின் காலில் விழலாம்போல இருந்தது. நிற்காமல் போனான்.

அதற்கும் வெகுதூரம் தள்ளி, ஒரு மேட்டில் ஏறுகிறபோது, அந்தக் காரைப் பார்த்தான். இடது பின்கண்ணாடியில் சின்னத் தலை. தலை ஆடிக்கொண்டிருந்தது, பாட்டுக்கு. கதவு மூடித்தான் இருந்தது. அவனுக்கு உயிர் வந்தது. வந்த வேகத்தில் மறுபடி போனது. ஒரு கை ஸ்பீக்கரில் இருக்கும். இன்னொரு கை எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாதா? அவள் தூக்கிவிடக்கூடிய அந்த மேல் பூட்டு ஒன்றுதான் இப்போது தடை. இடது பக்கமாகப் போனால் குழந்தை பார்த்துவிடும். நீலக்கை மாமா வந்திருக்கிறார் என்று கதவைத் திறந்தாலும் திறப்பாள். ஹாரன் அடிக்கவும் பயம். வலது பக்கமாக ஏறித் தாயின் ஜன்னலுக்கு நேராக வந்து கையை ஆட்டினான்.

அவள் திரும்பிப் பார்த்தாள். ஹெல்மெட் போட்ட ஒருவன், ஆளில்லாத சாலையில், தனியாகப் போகிற பெண்ணைப் பார்த்துக் கையை ஆட்டி நிறுத்தச் சொல்கிறான். எந்தப் பெண் நிறுத்துவாள்? பார்வையை வெடுக்கென்று திருப்பிக்கொண்டு வேகத்தைக் கூட்டினாள். அவன் மகளாயிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாள். செய்யாவிட்டால் அவனே திட்டியிருப்பான். ஆனால் கார் மேட்டிலிருந்து இறக்கத்தில் பாய்ந்தது. நான்தான் இவளை இன்னும் வேகமாக ஓட வைக்கிறேன் என்று நினைத்தபோது அவனுக்குக் கண் இருட்டிவிட்டது.

முதலாளியின் பைக் அதற்கு முன்பு ஒருபோதும் அப்படிக் கத்தியதில்லை. மறுபடி பக்கத்தில் வந்தான். ஹெல்மெட்டைக் கழற்ற முடியாது. முகத்தைக் காட்ட வழியில்லை. அப்போதுதான் காற்றில் படபடத்த சட்டைக் கைக்குள்ளிருந்து அந்த நீலத் துண்டு கண்ணில் பட்டது. இடது கையைப் பிடியிலிருந்து எடுத்தான், வண்டி அலைந்தது. பல்லால் சட்டைக் கையை மேலே தள்ள ஹெல்மெட் விடவில்லை. தொடையில் தேய்த்துத் தேய்த்து மேலே ஏற்றினான். முன்கையை அவள் கண்ணாடிக்கு நேராக நீட்டினான்.

அவள் பார்த்தாள். கையை, டேப்பை, மறுபடி கையை. அடையாளம் தெரிந்துவிட்டது. கார் மெதுவாகி, விளக்கு மினுக்கி, இடது ஓரத்தில் ஒதுங்கியது. நின்றதும் அவள் கண்ணாடியை இறக்கினாள். அவன் சொல்வதைக் கேட்பதற்காகப் பாட்டை நிறுத்தினாள்.

"நிறுத்தாதீங்க, பாட்டை—"

அந்தப் பக்கம் 'டக்' என்று ஒரு சத்தம். இடது பின்கதவு அகலத் திறந்தது. சிறுமி காதைப் பொத்திக்கொண்டு புல்லில் இறங்கி நின்றாள். ஒரு பஸ் வந்த வேகத்தில் கடந்து போனது. மூவரையும் காற்று ஒரு உலுக்கு உலுக்கியது.

தாய்க்கு ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. திறந்த கதவைப் பார்த்தாள். வந்த சாலையைத் திரும்பிப் பார்த்தாள். பாய்ந்து இறங்கி ஓடி மகளை வாரி எடுத்துக்கொண்டாள்.

"இவ்வளவு தூரம்..." என்றாள். குரல் எழும்பவில்லை. பிறகு எழும்பியது. "இவ்வளவு தூரமும் இப்படியேவா வந்திருக்கோம்? காலையில அவ்வளவு சொன்னேனே! சைல்ட் லாக் இருக்கறதாலதான் ஓட்டறேன்னு வாயால சொன்னேனே! உங்களை நம்பித்தானே புள்ளையை ஏத்திக்கிட்டு வந்தேன்!"

"என் தப்புதான் மேடம்." டேப்பைப் பிள்ளை உரித்ததை அவன் சொல்லவில்லை. உரித்தது பிள்ளையாக இருந்தாலும் விட்டது அவன்தானே.

"ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா?"

"பாட்டு நின்னு மணி அடிச்சா இழுப்பான்னு நீங்க சொன்னீங்க."

அவள் முகத்தில் கோபம் போகவில்லை. ஆனால் அதற்குமேல் கத்தவும் இல்லை. மகளின் தலையைத் தோளில் அழுத்திக்கொண்டாள்.

அவன் இடது கதவின் ஓரத்தில் குனிந்து கட்டைவிரல் நகத்தால் குமிழைத் தள்ளினான். சொடுக்கியது. தாய் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். ஆனாலும் நம்பிக்கை என்பது ஒரு தரம் போனால் சொடுக்குச் சத்தத்தில் வந்துவிடுமா?

"உள்ள உக்காந்து, கதவைச் சாத்திக்கிட்டு, நீங்களே இழுத்துப் பாருங்க" என்றாள். "என் கண்ணு முன்னாடி."

நீலக்கை ஹெல்மெட்டைக் கழற்றினான். முகமெல்லாம் வியர்வை. அவன் எப்போதும் சைல்ட் லாக்கைச் சோதிப்பது வெளியே நின்றுதான். கதவைத் திறந்து வைத்து, பூட்டின் நாக்கை விரலால் மடக்கி, உள்கைப்பிடியை இழுத்துப் பார்ப்பான். அந்த வித்தையை இப்போது அவளிடம் சொல்லலாம். அவன் சொல்லவில்லை. பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தான். தாயிடமிருந்து வழுக்கி இறங்கிய சிறுமியும் தன் இடத்தை இவன் பிடித்துக்கொண்டானே என்று அவனைத் தள்ளிக்கொண்டே ஏறினாள். அவன் நகர்ந்து இடம் விட்டான். தாய் முன்பக்கம் போய்ப் பாட்டைப் போட்டுவிட்டு, தன் கண்ணாடியை ஏற்றி, முன்கதவைச் சாத்தி, கடைசியாக இடது பின்கதவை வெளியிலிருந்து சாத்தினாள்.

கண்ணாடிகள் மேலே இருந்தன. வெளியே வெயில். அதே வெயில்தான். நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. முன்சீட்டு கண்ணில் படவில்லை. குளிக்கிற அறையில் பாடுவதுபோலப் பாடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. சிறுமியைத் தாண்டிக் கையை நீட்டிக் கைப்பிடியை இழுத்தான்.

திறக்கவில்லை.

சிறுமி அவன் முன்கையிலிருந்த நீல டேப்பைப் பார்த்தாள். நகம் அதன் நுனிக்குப் போனது. அவன் மறுகையால் அதை மூடிக்கொண்டான். "பொறும்மா. இன்னும் முடியல."

மறுபடி இழுத்தான். பலம்கொண்ட மட்டும் இழுத்தான், அன்றைக்கு விரல் கிழிய இழுத்ததுபோல. கதவு அசையவில்லை. கண்ணாடிக்கு வெளியே தாய் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். கதவைத் திறந்துவிட அவளுக்கு நினைவு வரவில்லை. அவனும் தட்டவில்லை. திறக்காத கதவுக்குள் உட்கார்ந்திருப்பது இத்தனை நிம்மதியாக இருக்கும் என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை.

சிறுமி அவன் கையைப் பிடித்து இழுத்து ஸ்பீக்கரின்மேல் தன் கைக்குப் பக்கத்தில் வைத்தாள். உள்ளே பாட்டு தட்டியது. அவன் டேப்பை மூடியிருந்த மறுகையை எடுத்துவிட்டு முன்கையை அவளிடம் காட்டினான்.

"இப்ப உரிச்சுக்கோ" என்றான்.